மச்சுக்கு மேல் நடமாட்டம்: துலாமழைக்குள் வீட்டை எப்படி அடைப்பது?

குலசேகரம்_மகள் | அக்டோபர் 11, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் நடுவில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். பத்து நாளாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல், ஓட்டுக்குக் கீழே பலகை அடித்த மச்சில் ஏதோ நடக்கிறதாம். எலி ஓடுகிற சத்தம் இல்லை. பாரமாக, பூனை குதித்த மாதிரி தொப்பென்று விழுகிறது. விடியும் முன்னால் திரும்ப ஒருமுறை கேட்கிறது. அடுக்களைப் பக்கம் பலகையில் மஞ்சளாக ஈரம் படிந்து நாற்றம் தாங்க முடியவில்லை என்கிறார். முன்வாசல் மேலே இரண்டு ஓடு நகர்ந்து கிடக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் வாழைப்பழத்துக்குள் குருணை மருந்தை வைத்து மேலே போடச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு மனசில்லை, எனக்கும் பயமாக இருக்கிறது. 17ஆம் தேதி லீவு போட்டு வருகிறேன். ஐப்பசியில் வரும் துலாமழை பிடிப்பதற்குள் எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிட நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ரப்பர்விளை | அக்டோபர் 11, இரவு 10.55

தங்கச்சி, இப்போதே அம்மாவுக்கு ஒரு போன் போட்டு அந்தக் குருணை வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வாழைக்கும் நெல்லுக்கும் பூச்சிக்குப் போடுகிற கடும் விஷம். பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் போட்டால் நாயும் கோழியும் சாகும். தின்றது மச்சுக்குள் எட்டாத மூலையில் செத்துக் கிடந்தால் இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் இருக்க முடியாது. எங்கள் சித்தி வீட்டில் நடந்தது. பலகையைப் பெயர்த்துத்தான் எடுத்தோம்.

நீங்கள் சொல்கிறதைப் பார்த்தால் மரநாய், பூனை மாதிரி இருக்கிற, ராத்திரியில் பழம் தின்ன வரும் பிராணி. முகட்டு ஓட்டின் மேலோ மச்சின் ஒரே மூலையிலோ எச்சம் குவிந்திருக்கும். அதில் பழக்கொட்டை முழுசாகக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். வீட்டுப் பக்கத்தில் பலா, அயனி (காட்டுப்பலா), பப்பாளி இருக்கிறதா?

குலசேகரம்_மகள் | அக்டோபர் 11, இரவு 11.10

குருணையை வெளியே கொடுத்து அனுப்பியாயிற்று அண்ணா. பலாமரம் ஒன்று கூரைக்கு மேலேயே சாய்ந்து நிற்கிறது. அடுக்களைக்குப் பின்னால் இரண்டு பப்பாளி. மட்டி வாழைக்குலையைப் பழுக்க மச்சில்தான் தொங்கவிடுவோம். அதுவும் காரணமா?

ரப்பர்விளை | அக்டோபர் 11, இரவு 11.20

காரணம்தான். குலையை நாளைக்கே கீழே இறக்கி மூடி போட்ட பெட்டியில் வையுங்கள்.

டீச்சர்_அருமனை | அக்டோபர் 12, காலை 6.30

மகளே, நான் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓட்டையை அடைக்கும் முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மரநாய் வருஷம் முழுக்கக் குட்டி போடும் என்றாலும், குட்டிகள் அதிகம் கண்ணில் படுவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். ஒரு ஈற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை இருக்கும். மரப்பொந்தில் ஈனுகிற பிராணி அது. பொந்துள்ள பழைய மரங்கள் நம்மிடம் எத்தனை மிச்சம் இருக்கின்றன? 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் விளையில் (தோப்பில்) மட்டும் மூன்று பெரிய அயனிகள் சாய்ந்தன, மூன்றிலும் பொந்து. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் எங்கள் மச்சில் சத்தம் கேட்கத் தொடங்கியது.

நீங்கள் பகலில் ஓட்டையை அடைத்தால் உள்ளே தூங்குகிற பிராணியைச் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். ராத்திரி அது வெளியே போன பிறகு அடைத்தால் குட்டிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். தாய் ஓடுகளைப் பெயர்த்தாவது உள்ளே வரப் பார்க்கும். இரண்டும் கொடுமை, இரண்டிலும் உங்கள் கூரைக்குத்தான் சேதம். ஆகவே முதலில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோலப்பொடியையோ கோதுமை மாவையோ அது வந்துபோகிற சந்தின் அடியில் மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் தடம் தெரியும். பகலில் நாலு நாலரை மணிக்கு மச்சுக்குக் கீழே அசையாமல் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். குட்டி இருந்தால் மெல்லிய கீச்சுச் சத்தம் வரும்.

மாடிவீடு_நாகர்கோவில் | அக்டோபர் 12, காலை 9.15

கூண்டு வைத்துப் பிடித்து கீரிப்பாறைப் பக்கம் காட்டில் விட்டுவிடலாமே? எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் செய்தார்.

ரப்பர்விளை | அக்டோபர் 12, மதியம் 1.05

தம்பி, 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மரநாயும் வருகிறது. அனுமதி இல்லாமல் பிடிப்பதும் கொண்டுபோய் விடுவதும் குற்றம். அதை விடுங்கள், தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் குட்டிகள் என்ன ஆகும்? பலாக்கிளையும் ஓட்டையும் அப்படியே இருந்தால் அடுத்த மாதம் வேறொரு மரநாய் வந்து குடியேறும். வந்த வழியை மாற்றாமல் வந்ததை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

தோவாளை_பெரியவர் | அக்டோபர் 12, இரவு 8.40

மரநாய் கிடக்கட்டும். எனக்கு மழைக்காலம் வந்தால் பாம்புதான் பயம். நாங்கள் வெளுத்துள்ளியும் (பூண்டு) பெருங்காயமும் அரைத்து வீட்டைச் சுற்றித் தெளிப்போம். என் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அந்தப் பெண்ணின் அம்மாவும் செய்யலாம், செலவு இல்லாத வேலை.

டீச்சர்_அருமனை | அக்டோபர் 12, இரவு 9.30

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நானும் பல வருஷம் தெளித்தவள்தான். தெளித்த மூன்றாம் நாள் அதே இடத்தில் ஒரு சாரை நிதானமாக ஊர்ந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். பூண்டுக்கோ பினாயிலுக்கோ பாம்பு விலகிப் போகும் என்று நம்பி இருக்க முடியாது. அதிலும் நம் ஊர் மழையில் ஒரு ராத்திரிகூட நிற்காது. தெளித்தாயிற்று என்ற தைரியத்தில் இருட்டில் விளக்கில்லாமல் நடக்கிறோம், அதுதான் எனக்குப் பயம்.

பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும் ஒதுங்க இடத்துக்கும். துலாமழையில் வளைகளில் தண்ணீர் ஏறுகிறது, எலி மேட்டுக்கு வருகிறது, பின்னாலேயே பாம்பு வருகிறது. நம் வீட்டு மேடு இரண்டுக்கும் வசதி. அதனால் சுவரோடு சாய்த்து அடுக்கிய விறகு, தேங்காய்த் தொண்டுக் குவியல், பழைய ஓடு, சிரட்டைச் சாக்கு இவற்றை முதலில் நகர்த்த வேண்டும். விறகைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, கல் வைத்து அதன்மேல் ஒரு முழ உயரத்தில் அடுக்கினால் அடியில் வெளிச்சம் போகும், எதுவும் தங்காது. நகர்த்துவதைப் பகலில், நீளக் கம்பால் தட்டிவிட்டுச் செய்யுங்கள். வெறுங்கை வேண்டாம்.

தோவாளை_பெரியவர் | அக்டோபர் 12, இரவு 9.55

சரி டீச்சர். விறகு விஷயம் ஞாயம். எங்கள் பூக்கூடைகள் எல்லாம் சுவரோடுதான் கிடக்கின்றன. எடுக்கச் சொல்கிறேன்.

இரவுப்பணி | அக்டோபர் 13, அதிகாலை 4.50

இந்த மாவட்டத்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். பாம்புப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

மழை மாதங்களில் எனக்கு மிகவும் பயம் தருவது கட்டுவிரியன் கடி. எங்கள் பக்கம் எட்டடி வீரியன் என்பார்கள். ராத்திரி தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார்கள், கண் இமை தானாக மூடும், பேச்சு குழறும். வாயுத் தொல்லை என்று நினைத்து சுக்குக் காப்பி குடித்துக் காத்திருந்து, மூச்சுவிட முடியாத நிலையில் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி தரையில் தூங்கியவருக்குக் காலையில் இமை தொங்கினால் அதைப் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள். கொசுவலை கட்டி நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். தொங்கவிட்டால் பயன் இல்லை. படுக்கைக்கு அருகில் ஒரு டார்ச்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கையோ காலோ அசையாமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக்கல்லூரியில் விஷமுறிவு மருந்து உண்டு. வழியில் இருக்கிற அரசு மருத்துவமனைகளிலும் கேளுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம், அதைத் துரத்தப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுகிறார். அணலி (கண்ணாடி விரியன்) கடித்ததா என்று பார்க்க நாங்கள் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்போம். பாம்பு இல்லாமலேயே சிகிச்சை தொடங்க முடியும்.

ரப்பர்விளை | அக்டோபர் 13, காலை 11.30

சிஸ்டர், எங்கள் ரப்பர் தோட்டத்தில் சருகுக்குள் கிடக்கும் சின்னக் குழிவிரியன் ஒன்று உண்டு. மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருக்கும், சருகு நிறம். விடியும் முன் பால்வெட்டப் போகிறவர்களைக் காலில் கடிக்கும். அதற்கும் அதே மருந்துதானா?

இரவுப்பணி | அக்டோபர் 13, மாலை 6.10

இல்லை அண்ணா. நம்மிடம் உள்ள மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்குத்தான். நீங்கள் சொல்கிற குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அந்தக் கடியில் சிலருக்கு ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பாதிக்கும், டயாலிசிஸ்கூடத் தேவைப்படலாம். சின்னப் பாம்புதானே என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே வர வேண்டும். வெட்டுக்குப் போகும்போது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். முன்னெற்றியில் விளக்கு இருக்கிறது, காலில் செருப்புதான் இருக்கிறது என்று போகிறவர்கள்தான் அதிகம்.

குலசேகரம்_மகள் | அக்டோபர் 17, இரவு 9.00

நேற்றிரவே வந்துவிட்டேன். டீச்சர் சொன்ன மாதிரி மாவு தூவினேன். மரச்சட்டம் அடித்த அளிப் பக்கம் கூரை முடிகிற இடத்தில், பலாக்கிளைக்கு நேர் கீழே ஒரு கையளவு சந்து இருக்கிறது. காலையில் ஐந்து விரல் தடம், போனதும் வந்ததும் தெளிவாக இருந்தது. சாயங்காலம் நாலரைக்கு அம்மாவும் நானும் அடுக்களையில் நின்று கேட்டோம். கீச்சுச் சத்தம் கேட்டது. ஏணி வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய நெல் பத்தாயத்துக்குப் பின்னால் மூன்று குட்டிகள். கண் திறந்திருக்கின்றன. உடனே கீழே இறங்கிவிட்டேன்.

அம்மா பார்த்துவிட்டு, இதையா கொல்லச் சொன்னார்கள் என்று அழுதுவிட்டார். ஆனால் மழை தொடங்கப் போகிறது, மூத்திரம் பலகையை ஊற வைக்கிறது. என்ன செய்யட்டும்?

டீச்சர்_அருமனை | அக்டோபர் 17, இரவு 9.25

நல்லபடியாகப் பார்த்தீர்கள். தொடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். குட்டிகள் தாயோடு வெளியே போகப் பழகும் வரை அந்த ஒரு சந்தை மட்டும் விட்டுவிடுங்கள். இன்னும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். சிலசமயம் தொந்தரவு இருந்தால் தாயே ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும். ராத்திரி மச்சுக்குள் ஒரு மஞ்சள் பல்பை எரியவிட்டு, சின்னதாக ரேடியோ வையுங்கள். புகை போடாதீர்கள். மூச்சு முட்டும், பழைய பலகையில் தீயும் பிடிக்கும்.

தச்சுப்பணி_தக்கலை | அக்டோபர் 18, காலை 7.45

தங்கச்சி, நான் ஓட்டு வீடு பழுதுபார்க்கிற தச்சன். அந்த ஒரு சந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இப்போதே அடைக்கலாம், அதில் தாமதம் வேண்டாம். நகர்ந்த ஓட்டைத் தூக்கி வைத்தால் போதாது. அடியில் ஓட்டைத் தாங்குகிற பட்டியல் சட்டம் உளுத்திருக்கிறதா என்று பாருங்கள், உளுத்திருந்தால் ஓடு மறுபடி நழுவும். முகட்டோட்டில் சாந்து விட்டுப்போன இடத்தில் புது சாந்து பூசுங்கள். கழுக்கோலுக்கும் (கூரையின் சாய்வு மரம்) சுவர்த்தலைக்கும் நடுவில் வரிசையாகச் சந்து இருக்கும், பழைய வீடுகளில் காற்றுக்காக விட்டது. அதைச் சிமெண்டால் அடைக்காதீர்கள், மச்சு புழுங்கி மரம் கெடும். கம்பி வலை அடியுங்கள். மரநாய்க்கு அரை அங்குலக் கண் போதும், ஆனால் எலிக்கும் சேர்த்து என்றால் கால் அங்குலம், துத்தநாகம் பூசிய வெல்டு வலை. பிளாஸ்டிக் வலை வாங்கிப் பணத்தைப் போடாதீர்கள், எலி ஒரே ராத்திரியில் கடித்துவிடும். அதன் முன்பல் சாகும்வரை வளரும், கடிக்காமல் இருக்க அதனால் முடியாது.

சுவரில் எலி துளை இருந்தால் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்டு. அரை அங்குலத் துளை போதும் எலிக்கு, சுண்டெலிக்குக் கால் அங்குலம். குழாய் போகிற இடம், ஓவு (வடிகால்), குளியலறைத் தண்ணீர் போகிற வழி எல்லாவற்றிலும் ஜாலி. கதவுக்கடியில் விரல் போகிற இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை ஆணியடித்துவிடுங்கள். பாம்பு அதிகம் வருவது அந்த வழிதான்.

சந்து விட்ட இடத்துக்கு நேரே மழை அடித்தால் மேலே தார்ப்பாயைச் சரிவாகக் கட்டுங்கள், வழி மட்டும் திறந்திருக்கட்டும். பலகை பிறகு மாற்றிக்கொள்ளலாம். நானே வந்து பார்க்கிறேன், தனிச்செய்தியில் இடம் சொல்லுங்கள்.

மாடிவீடு_நாகர்கோவில் | அக்டோபர் 18, இரவு 8.20

எங்களுடையது கான்கிரீட் வீடு, இதெல்லாம் நமக்கில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தச்சு அண்ணன் எழுதியதைப் படித்து இன்று சுற்றிப் பார்த்தேன். ஏசி குழாய் போகிற துளை திறந்தே கிடக்கிறது, உள்ளே எலிப் புழுக்கை. மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் வாயில் மூடி இல்லை. போன வருஷம் குளியலறையில் பட்டை போட்ட ஒரு சின்னப் பாம்பு வந்து கட்டுவிரியன் என்று அடித்துவிட்டோம். அதுவா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

டீச்சர்_அருமனை | அக்டோபர் 18, இரவு 9.05

சுவர் ஏறி வந்ததா? அப்படியானால் ஓநாய்ப் பாம்பாக இருக்கலாம். விஷம் இல்லாதது, பல்லியைத் தேடி வரும். அதற்குக் கழுத்துப் பக்கம் பட்டை அழுத்தமாக இருந்து வாலுக்குப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே மங்கலாக இருந்து பின்னால்தான் வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாகத் தெளிவாகும். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் குனிந்து பார்க்காதீர்கள். கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணியைத் திணித்து, ஒருவர் தூரத்தில் நின்று கண்காணிக்க, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். 101 அடித்தால் வருவார்கள்.

இரவுப்பணி | அக்டோபர் 19, காலை 8.00

எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டாதீர்கள். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, கையுறை போட்டுத் துடையுங்கள். எலிக்காய்ச்சல் வருவது எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் ஈரமும் காலிலுள்ள புண்ணில் படும்போது. மழை முடிந்து ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண்சிவப்பு வந்தால் தானாக மாத்திரை வாங்கிப் போடாமல் காட்டுங்கள்.

இன்னொன்று. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆனாலும் பழைய டியூப் சில வீடுகளில் இருக்கிறது. கல்லீரலை அழிக்கும், முறிமருந்து கிடையாது. வீட்டில் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டும் முன் அப்புறப்படுத்துங்கள். எலிக்குப் பொறி போதும்.

வேளிமலை_அடிவாரம் | அக்டோபர் 21, மாலை 5.30

எங்களுக்குக் குரங்குதான் தொல்லை. கோவிலுக்கு வருகிறவர்கள் பழம் கொடுத்துப் பழக்கியதால் அடுக்களை ஜன்னல் வரை வருகிறது. ஜன்னலுக்கு வலை, குப்பைக்கு மூடி, யாரும் தின்னக் கொடுக்காமல் இருப்பது. இந்த மூன்றாவது நடக்காத வரை முதல் இரண்டும் பாதிதான்.

ரப்பர்விளை | அக்டோபர் 21, இரவு 9.10

தென்னைக்கு ஒரு யோசனை. தரையிலிருந்து ஆறடிக்கு மேல் ஒன்றரை அடி அகலத்தில் தகரத்தைச் சுற்றி அடித்தால் எலி ஏறாது. பக்கத்து மரத்தின் ஓலை தொட்டால் எல்லாம் வீண். அதே கணக்குதான் வீட்டுக்கும்: கூரைக்கும் கிளைக்கும் நடுவில் எட்டடியாவது வேண்டும். கேபிள் ஒயரிலும் மரநாய் நடக்கும், அதையும் பாருங்கள்.

குலசேகரம்_மகள் | நவம்பர் 9, இரவு 10.00

மழை விடாமல் பெய்கிறது. தச்சு அண்ணன் வந்து வலை அடித்துக் கொடுத்தார், தார்ப்பாய் தாங்குகிறது. அம்மா கட்டிலுக்கு மாறிவிட்டார், கொசுவலையை என்னிடம் வீடியோவில் காட்டிச் செருகுகிறார். விறகைப் புரைக்கு (கொட்டகைக்கு) நகர்த்தும்போது அடியில் இரண்டு சாரைக் குட்டிகள். ஆள் கம்பை ஓங்கினார், அம்மா தடுத்துவிட்டார். எலி தின்கிற பாம்பை அடித்துவிட்டு எலிக்கு எங்கே போவது என்று கேட்டாராம்.

மச்சில் இன்னும் இருக்கின்றன. இரண்டு நாள் முன்னால் அந்தி நேரத்தில் பலாக்கிளையில் தாயின் பின்னால் மூன்றும் வரிசையாகப் போனதைப் பார்த்திருக்கிறார்.

டீச்சர்_அருமனை | நவம்பர் 9, இரவு 10.15

அப்படியானால் சீக்கிரம் போய்விடும். தினமும் மாவு தூவச் சொல்லுங்கள். தொடர்ந்து ஐந்து ராத்திரி தடம் இல்லை, பகலில் சத்தம் இல்லை, ஏணி வைத்துப் பார்த்தும் எதுவும் இல்லை. இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் அடைக்கலாம். மழைநாளில் மாவு நனைந்துவிட்டால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குலசேகரம்_மகள் | டிசம்பர் 2, இரவு 8.30

நவம்பர் 24க்குப் பிறகு மாவில் தடம் இல்லை. நனைந்த இரண்டு நாளைக் கழித்து ஆறு ராத்திரி ஆயிற்று. நேற்று நான் வந்து மச்சு முழுக்கப் பார்த்தேன், காலி. தச்சு அண்ணன் இன்று மதியம் அந்தக் கடைசிச் சந்திலும் வலை அடித்துவிட்டார். ஊறிய பலகை நாலை மாற்ற வேண்டும், அது தை மாதம்.

பலாக்கிளை வெட்ட ஆள் வெள்ளிக்கிழமை வருகிறார். மரத்தை முழுசாக வெட்டக் கூடாது, கூரைக்கு மேல் வருகிற கிளை மட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். விளையின் கோடியில் பொந்து விழுந்த பழைய அயனி ஒன்று நிற்கிறது, விறகுக்குக் கேட்டிருந்தார்கள். அதையும் கொடுக்க மாட்டாராம். வெட்டுகிற கிளையை எங்கே போடுவது என்று ஆளிடம் இப்போதே இடம் காட்டி வைத்திருக்கிறார்: சுவரிலிருந்து பத்தடி தள்ளி, கல் மேல்.